செர்ரானேராவில் அறுபது சென்டிமீட்டர் பனி

செர்ரானேரா மலையூரில், சிற்றாலயத்தின் பின்சுவரை ஒட்டி, பனியின் ஆழம் காட்டும் அளவுக் கம்பு நட்டிருந்தது. மலையில் வேறெங்கும் இல்லாத பனி அந்தச் சுவரடியில் இருக்கும். மேலேயிருந்து இறங்கும் காற்று சுவரில் முட்டி, கொண்டுவந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போய்விடும். பனிச்சறுக்குத் தடத்தில் புல் எட்டிப்பார்க்கும் நாளிலும் கம்பு முழங்கால் ஆழத்துக்குப் புதைந்து நிற்கும். அதை அந்த இடத்தில் நட்டவன் யாரோ தெரியாது. ஆனால் அவன் புத்திசாலி என்பதில் செர்ரானேராவில் இரண்டு கருத்து கிடையாது.

டெல்ஃபினா தினமும் காலையில் போய் அந்தக் கம்பைப் பார்ப்பாள். கம்பு சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு, சறுக்குகிறவர்களை மலைமேல் இழுத்துப்போகும் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் டிக்கெட் கூண்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

செய்தி முடிந்ததும், எத்தனை சென்டிமீட்டர் பனி என்று கேட்டுப் பள்ளத்தாக்கு ரேடியோ இரண்டு மலைகளையும் கூப்பிடும். அகரவரிசைப்படி எதிர் மலையான கோலெமாரோ முதலில், செர்ரானேரா அடுத்து. எழுத்துகளை வரிசைப்படுத்திய புண்ணியவான் செர்ரானேராவுக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ஏனென்றால் எதிரி எத்தனை சொல்கிறான் என்று கேட்டுவிட்டுத் தன் எண்ணைச் சொல்லலாம்.

"கோலெமாரோ, முப்பத்தஞ்சு" என்று ஓரெஸ்தேயின் குரல் வரும். கரகரப்பான குரல், தொண்டையில் ரொட்டித்துண்டு சிக்கிய மாதிரி.

"செர்ரானேரா, நாப்பது" என்பாள் டெல்ஃபினா.

மறுநாள் ஒரு பொட்டுப் பனிகூட விழுந்திருக்காது. ஓரெஸ்தே நாற்பத்திரண்டு என்பான். இவள் நாற்பத்தைந்து என்பாள். இப்படியே ஏறி ஏறி, ஏப்ரலில் காட்டுப்பூ பூத்து ஆடுகள் மேயும்போது இரண்டு மலைகளும் ஒரு மீட்டர் பனிக்கடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், ரேடியோவில்.

இதை யாரும் நம்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். பள்ளத்தாக்குக்காரர்கள் கேட்டதைப் பாதியாக்கி, அதிலும் ஒரு சிட்டிகை கிள்ளி எறிந்துவிட்டுத்தான் காலணி மாட்டுவார்கள். இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் பள்ளத்தாக்குக்கு வெளியேதான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இங்கே யாருக்குக் கவலை?

டெல்ஃபினாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கட்டையான உடம்பு, ஆண்பிள்ளைக் கைகள். விரலில்லாத கையுறை போட்டுக்கொண்டு டிக்கெட் கிழிப்பாள். பத்தொன்பது வயதில் அந்தக் கூண்டுக்குள் நுழைந்தவள். குடியிருப்பும் லிஃப்ட் நிலையத்து மாடியில்தான், ஓர் அறை, ஓர் அடுப்பு. கீழே லிஃப்டின் பெரிய சக்கரம் சுற்றும்போது மேலே அவள் அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும். கோப்பைச் சத்தம் நின்றால் லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஜன்னலைத் திறந்து கத்துவாள். லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

ஊர்ப் பையன்கள் அவளுக்குச் செய்யாத குறும்பு இல்லை. கூண்டின் கண்ணாடியில் மீசை வரைந்து, உள்ளே இருப்பவளுக்கு அது சரியாகப் பொருந்துகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அளவுக் கம்புக்குப் பாதிரியாரின் உள்ளாடையைப் போட்டுவிட்டார்கள். அவள் துரத்துவாள், வாய்க்கு வந்தபடி ஏசுவாள், சாயங்காலம் அதே பையன்களைக் கடைசிச் சவாரிக்கு டிக்கெட் இல்லாமல் ஏற்றி அனுப்புவாள். நன்றி சொன்னால் கோபம் வரும். அதனால் யாரும் சொன்னதில்லை.

ஓரெஸ்தேயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ரேடியோ ஏலம் வெறும் கிறுக்கு என்று தோன்றிவிடும். அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது அவனோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவன் கோலெமாரோவில் லிஃப்ட் ஓட்டினான், அவள் இங்கே டிக்கெட் கிழித்தாள். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, ஓர் ஆறு, பதினெட்டு வளைவு உள்ள ஒரு ரோடு. கல்யாணத்துக்குப் பிறகு யார் எங்கே குடிபோவது என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது வந்தது. மேஜையில் காட்டுப்பன்றிக் கறியும் மக்காச்சோளக் களியும் இருந்தன. இரண்டு வீட்டு அப்பன்களும் இருந்தார்கள்.

"உங்க மலை மலையா? சாக்கடை மாதிரி ஒரு சந்து. வெயிலே படாது" என்றான் ஓரெஸ்தே.

"உங்களது வழுக்கத் தலை. காலைல பனி, மத்தியானம் சேறு" என்றாள் டெல்ஃபினா.

களி ஆறிப்போனது. கல்யாணமும்தான். பிறகு அவன் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டினான், இரண்டு பிள்ளைகள் பெற்றான். இவள் கட்டவில்லை. அதற்கு அவன்தான் காரணம் என்று யாராவது சொன்னால் டிக்கெட் கூண்டின் கதவை அவர்கள் மூஞ்சியில் சாத்துவாள். ஆனால் அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் ரேடியோவில்தான், தினம் ஓர் எண்.

இரண்டு மலைகளையும் ஒப்பிட்டுப் பேசாத நாள் செர்ரானேராவின் மதுக்கடையில் கிடையாது. அவர்களிடம் உட்கார்ந்து போகும் நாற்காலி லிஃப்ட் உண்டு, நம்மிடம் பின்புறத்தில் கொக்கி மாட்டி இழுக்கும் பழைய லிஃப்ட்தான். சரி, ஆனால் உட்கார்ந்து போகிறவன் சறுக்குக்காரனா, பென்ஷன்காரனா? அவர்கள் தடம் அகலம். சரி, ஆனால் தெற்கு பார்த்தது. பனி அங்கே விருந்தாளி, நம் வீட்டில் அது மருமகள். அவர்கள் கழிப்பறையில் வெந்நீர் வரும். இந்த இடத்தில் மட்டும் எல்லோரும் தங்கள் கோப்பைக்குள் பார்ப்பார்கள். பிறகு கறிக்கடை பிரீமோ சொல்வார்: "வெந்நீர்ல கழுவித்தான் அவங்களுக்கு அங்கேயே மூளை கரைஞ்சுபோச்சு." சிரிப்பு. இன்னொரு கோப்பை.

உண்மை என்னவென்றால் பனி இரண்டு மலைகளையும் விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு மழை. மறுவருஷம் ஜனவரியில் தேனீ. லிஃப்ட் ஓடாத நாட்களில் டெல்ஃபினாவின் கோப்பைகள் அலமாரியில் ஊமையாக நின்றன. அவள் போனில் "செர்ரானேரா, அம்பது" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே பழுப்புப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் செய்தி வந்தது. மண்டலத் தலைநகரிலிருந்து இன்ஜினியர்கள் வருகிறார்கள். இரண்டு மலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த மலைக்குப் பனி பீய்ச்சும் எந்திரங்கள் வரும், தண்ணீருக்கு ஒரு குளமும் வெட்டித் தருவார்கள். தேர்ந்தெடுக்காத மலைக்கு ஒன்றும் வராது. எந்திரமில்லாத மலை இனி இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் மூடினால் டெல்ஃபினாவுக்குக் கூண்டும் இல்லை, மாடி அறையும் இல்லை. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்ஜினியர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பு, கூண்டைப் பூட்டும் நேரத்தில் போன் அடித்தது.

"டெல்ஃபினா."

"யாரு?" என்றாள், யாரென்று தெரிந்துகொண்டே.

"நான்தான். வெச்சுராத. நாளைலேருந்து ரேடியோல உள்ளதைச் சொல்லு."

"உள்ளதைத்தான் சொல்றேன். உங்க ஊர்ல கம்பு இருக்கா, இல்ல அடுப்புக்கு வெச்சுட்டீங்களா?"

"கேளு. அந்த இன்ஜினியருங்க முன்னாடியே ஒருவாட்டி ரோட்டைப் பாக்க வந்தாங்க. கார் எங்க வளைவுல பள்ளத்துல இறங்கிடுச்சு. டிராக்டர் வெச்சு நான்தான் இழுத்தேன். ஊர்வரைக்கும் எங்கூட வந்தாங்க, என்னை டிரைவர்னு நெனச்சு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. பனி இருக்கிற மலைக்கு எந்திரம் எதுக்குங்கறாங்க. இல்லாத மலைக்குத்தான் கொடுக்கப்போறாங்க. ரேடியோல நாம சொல்ற எண்ணையெல்லாம் வரிசையா எடுத்து வெச்சிருக்காங்க. உங்களுக்கு எப்பவும் அஞ்சு ஜாஸ்தி."

"ஓஹோ. நீ பூஜ்யம்னு சொல்லுவ, நானும் பின்னாடியே பூஜ்யம்னு சொல்லணும். மறுநாள் நீ அம்பதும்ப. பள்ளத்தாக்கு முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும். நல்லாருக்கு."

"டெல்ஃபினா, உங்க மலை வடக்குப் பாத்தது. எந்திரத்தை வெச்சா பனி உங்ககிட்டதான் நிக்கும். எங்ககிட்ட நிக்காது. எனக்குத் தெரியாதா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவன் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள். கோலெமாரோக்காரன் வாயிலிருந்து செர்ரானேரா மலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இதுவரை வந்ததே இல்லை. முப்பது வருஷம் முன்னால், அந்தக் களி ஆறுவதற்கு முன்னால், அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. இன்றைக்கு, இன்ஜினியர்கள் வரும் வாரத்தில், அது தானாக வந்து விழுகிறது என்றால் அதற்குள் கண்ணி இல்லாமல் இருக்குமா?

ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சாயங்காலம் மதுக்கடைக்குப் போனாள். லிஃப்ட் கூட்டுறவின் தலைவர் எஜிஸ்தோ வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தார். பெரிய தொப்பை, சின்னத் தொப்பி. இன்ஜினியர்களுக்கு என்ன சாப்பாடு போடுவது என்று ஊரையே கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எஜிஸ்தோ, ஒரு நிமிஷம்."

"சொல்லு டெல்ஃபினா. காட்டுப்பன்றியா, முயலா? இவனுங்க அடிச்சுக்கறானுங்க."

"பனி இல்லாத மலைக்குத்தான் எந்திரம் தருவாங்களாம். இருக்கிறதைக் காட்டினா நமக்குக் கிடைக்காதாம்."

"யாரு சொன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். ரேடியோவில் அத்தனை வருஷம் பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை.

"ஓரெஸ்தே."

 மதுக்கடையே சிரிப்பில் வெடித்தது. பிரீமோ மேஜையைத் தட்டினார். யாரோ ஒருவன் திருமண மணி அடிக்கிற மாதிரி கோப்பையில் கரண்டியால் அடித்தான்.

"இத்தனை வருஷம் கழிச்சும் அவன் விசில் அடிச்சா நீ ஜன்னலைத் தொறக்கறியா, தாயே?" என்றார் எஜிஸ்தோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம் யோசி. ஒரு குதிரையை வாங்க வர்றவன் நல்ல குதிரையை வாங்குவானா, நொண்டிக் குதிரையை வாங்குவானா?"

"வாங்க வரலியே அவங்க. வைத்தியம் பாக்க வர்றாங்க."

இது நல்ல பதில்தான். ஆனால் அவள் குரல் சின்னதாக வந்தது, பின்மேஜையில் இன்னும் கரண்டி மணியடித்துக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். முகம் முழுக்கச் சிவந்து நின்றாளே தவிர, சொல்லவில்லை. ஒரு கிளாஸ் ஒயினை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்ப முயல். காட்டுப்பன்றி பல்லுல மாட்டும்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை மதுக்கடையில் ரேடியோவை உரக்க வைத்திருந்தார்கள். டெல்ஃபினா கூண்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோலெமாரோ, பூஜ்யம்" என்றான் ஓரெஸ்தே. "புல்லு தெரியுது."

ரேடியோவில் இருந்த பெண்ணுக்கு இப்படி ஒரு எண்ணை எப்படி வாசிப்பது என்று தெரியவில்லை. "பூஜ்யமா?" என்றாள்.

"பூஜ்யம்தான்மா. எழுதிக்கோ."

இப்போது அவள் முறை. கம்பு அன்று பன்னிரண்டு காட்டியிருந்தது, அந்தச் சுவரடியிலேயே. தடத்தில் பழைய பனி ஆங்காங்கே அழுக்குத் துணி மாதிரி கிடந்தது. அவன் எண்ணைச் சொல்லி முடித்ததும் எப்போதும் ஒரு மூச்சு விடுவான், அவளுக்கு இடம்விட்டு. அன்றைக்கு அந்த மூச்சு நீளமாக இருந்தது. அவளுக்கு அது காதில் விழுந்தது. மதுக்கடையில் நேற்று அடித்த கரண்டியும் காதில் விழுந்தது.

"செர்ரானேரா, அறுபது" என்றாள்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் மதுக்கடையிலிருந்து எழுந்த ஆரவாரம் கூண்டின் கண்ணாடி வரைக்கும் கேட்டது.

அறுபது என்று சொல்லிவிட்டால் அறுபதைக் காட்ட வேண்டுமே. அன்றும் மறுநாளும் செர்ரானேராவில் வேலைக்குப் போனவன் எவனும் இல்லை. மலைக்குப் பின்னால் வெயிலே படாத ஓடை ஒன்று உண்டு. அதில் டிசம்பரில் விழுந்த பனி பழுத்துப்போய்க் கிடந்தது. டிராக்டர்கள் போயின. பனி அள்ள வேறு வண்டி இல்லாததால் எருவண்டிகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். சலவைக்காரி, தபால்காரன், பாதிரியார், பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்புகள், எல்லோரும் மண்வெட்டியோடு நின்றார்கள். சிரிப்பும் பாட்டும் சுட்ட செஸ்ட்நட் கொட்டையும். அவ்வளவு ஒற்றுமையாக அந்த ஊர் அதற்கு முன்பு எதையும் செய்ததில்லை. தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள ஓர் ஊர் இத்தனை உற்சாகமாக மண்வெட்டி தூக்கிய கதை வேறெங்கும் இருந்தால் சொல்லுங்கள்.

டெல்ஃபினாவும் அள்ளினாள். மற்றவர்களைவிட அதிகமாக அள்ளினாள். ஒவ்வொரு மண்வெட்டிக்கும் ஓரெஸ்தே சொன்னது நினைவுக்கு வந்தது, ஒவ்வொரு மண்வெட்டியிலும் அதை மூடினாள். கையுறை கிழிந்தது. "டெல்ஃபினா இளைச்சுப்போயிடுவா, யாராவது நிறுத்துங்கடா" என்றார் பிரீமோ. அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் காலை தடம் உச்சியிலிருந்து அடிவரை வெள்ளையாக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்ஜினியர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவி உயரமான ஓர் அம்மாள், நரைத்த குட்டை முடி, அதிகம் பேசாதவள். எஜிஸ்தோ கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அவளை லிஃப்டில் ஏற்றினார். அவள் இரண்டு தடவை சறுக்கி இறங்கினாள். இரண்டாவது தடவை நடுவில் நின்று, குனிந்து, ஒரு கை பனியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"கொஞ்சம் பழுப்பா இருக்கே?"

"ஆப்பிரிக்காவோட தூசி, இன்ஜினியரம்மா" என்றார் எஜிஸ்தோ கண் இமைக்காமல். "பாலைவனத்துலேருந்து காத்துல வருது. இந்த வருஷம் ரொம்ப."

"வாசனையும் வருமா காத்துல?"

"வரும், வரும். ஒட்டகம்."

முயல் கறி சாப்பிட்டார்கள். வயதான இன்ஜினியர் ஒருவர் மூன்று தடவை களி வாங்கிக்கொண்டார். புறப்படும்போது மற்றவர்கள் காருக்குப் போக, அந்த அம்மாள் மட்டும் டிக்கெட் கூண்டு ஜன்னலுக்கு வந்தாள். சுற்றிலும் யாருமில்லை.

"ரேடியோல பேசறது நீங்கதானே?"

"ஆமா, இன்ஜினியரம்மா."

"குரலை வெச்சே கண்டுபிடிச்சேன். ஒண்ணு கேக்கணும். எதிர் மலையில நேத்து ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்தோம். முழுக்கச் சேறு. அங்க லிஃப்ட் ஓட்டறவரு வேகவெச்ச உருளைக்கிழங்கைக் கையில கொடுத்து, இவ்ளோதான் இருக்கு, மன்னிச்சுக்கோங்கன்னாரு. இங்க இப்படி இருக்கு. நடுவுல ஒரு ஆறுதானே? இது எப்பவும் இப்படித்தானா?"

அந்த அம்மாளின் முகத்தில் சந்தேகம் வெளிப்படையாக இருந்தது. அவளுக்கு உண்மை வேண்டியிருந்தது. ஒட்டக வாசனையை நம்பியவள் இல்லை அவள். டெல்ஃபினா வாயைத் திறந்து, இல்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். மேலே அறையில் கோப்பைகள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

ஆனால் கேள்வியில் ஓர் உருளைக்கிழங்கு இருந்தது. மன்னிச்சுக்கோங்க என்று அந்த ஆள் சொன்னானாம். மலையே இல்லாதவன் மாதிரி, பிச்சைக்காரன் மாதிரி, ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் ஓரெஸ்தே அப்படிச் சொல்லியிருக்கிறான். கண்ணி இல்லை அது. அவன் போனில் சொன்னது அத்தனையும் நிஜம். அது அந்த நொடியில்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது. உறைத்ததும் பயம் வரவில்லை, வெட்கம் வந்தது. அவன் அவ்வளவு கீழே இறங்கிப் போகிறான், நானும் பின்னாலேயே இறங்க வேண்டுமா? களி ஆறிய அந்த மேஜையில் அவன் முன்னால் எப்படி நிமிர்ந்து நின்றாளோ அப்படியே அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எப்பவும் இப்படித்தான்" என்றாள். "எங்களுக்கென்ன குறை? அவங்களுக்குத்தான் பாவம்."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். "சரி" என்றாள். கிழிந்த கையுறையையும் பார்த்தாள். பிறகு காருக்குப் போய்விட்டாள்.

மார்ச்சில் முடிவு வந்தது, அதே ரேடியோவில், அதே நேரத்தில். எந்திரங்களும் குளமும் கோலெமாரோவுக்கு. இயற்கைப் பனி நிறைந்த செர்ரானேராவின் வளத்தை மண்டலம் வெகுவாகப் பாராட்டுகிறதாம்.

மதுக்கடையில் அன்று யாரும் கரண்டியால் அடிக்கவில்லை. டெல்ஃபினா உள்ளே நுழைந்ததும் எஜிஸ்தோ எழுந்து நின்றார். அவர் முகம் வெந்த இறைச்சி மாதிரி இருந்தது.

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார்.

"சொன்னேனே."

"இப்படியா சொல்றது? பூனை மாதிரி ஒரு வார்த்தை! கத்தியிருக்கணும். மேஜை மேல ஏறியிருக்கணும். அறுபதுன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தத் தெரிஞ்சுதுல்ல?"

"நீங்கதானே கைதட்டினீங்க."

"நாங்க முட்டாளுங்க. உனக்குத்தான் விஷயம் தெரியும். நீதான் நிறுத்தியிருக்கணும்" என்றார் பிரீமோ மேஜையைப் பார்த்துக்கொண்டே. அவருக்கே அந்த வாக்கியம் முடிந்த விதம் பிடிக்கவில்லை போல, எழுந்து வெளியே போய்விட்டார்.

டிக்கெட் கூண்டு ஜன்னலில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஒரு ஆறுதலை மட்டும் அவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்துக்குச் செர்ரானேரா லிஃப்ட் திறக்கவில்லை. சக்கரத்துக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். நிலையத்தைப் பூட்டுவதற்கு முன் டெல்ஃபினா கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். ஆற்றங்கரை ஊரில் முதியோர் இல்லத்தில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய்வந்தாள். அவள் ஏசாததால் ஊர்ப் பையன்களுக்குக் குறும்பு செய்யப் பிடிக்கவில்லை. பூட்டிய கூண்டின் கண்ணாடியில் ஒருநாள் யாரோ மீசை வரைந்துவைத்தார்கள். உள்ளே ஆள் இல்லாததால் அது வெறும் மீசையாக நின்றது. மறுநாள் யாரோ வந்து அழித்துவிட்டார்கள்.

நவம்பர் சந்தையில் ஓரெஸ்தே எதிரே வந்தான். கையில் வெங்காயக் கட்டு. முடி கொட்டியிருந்தது. இரண்டு பேருக்கும் விலகிப் போக வழியில்லை. சீஸ் கடைக்கும் வண்டிக்கும் நடுவில் சந்து அவ்வளவு குறுகல்.

"எங்க டிக்கெட் கூண்டுக்கு ஆள் வேணும்" என்றான்.

"உங்க மலை தெற்குப் பாத்தது" என்றாள் டெல்ஃபினா. "ராத்திரி பூரா எந்திரம் ஊதுற பனி மத்தியானம் சேறு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான் அன்னிக்கு போன் பண்ணேன்" என்றான். வெங்காயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அவள் ஏதாவது சொல்வாள் என்று கொஞ்சம் நின்றான். அவள் சீஸ் விலையைக் கேட்டாள், கடைக்காரனிடம். அவன் பக்கவாட்டில் நெளிந்து போய்விட்டான்.

டிசம்பரில் எந்திரங்கள் ஓடத் தொடங்கின. செர்ரானேராவிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம், பழுப்பு மலைகளுக்கு நடுவில், ஒரே ஒரு வெள்ளை நாக்கு தொங்கியது. ஊர்க்காரர்கள் ஜன்னல் கதவுகளை அந்தப் பக்கம் சாத்தியே வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே சறுக்கப் போனார்கள், வேறொரு ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு. எஜிஸ்தோவின் கார்கூட அங்கே நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. வெந்நீர் கழிப்பறை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

வேலைக்குப் போகுமுன் டெல்ஃபினா அடுப்பில் காபி வைத்துவிட்டு ரேடியோவைப் போடுவாள். செய்தி முடியும். ரேடியோப் பெண் கூப்பிடுவாள்.

"கோலெமாரோ, நாப்பத்தஞ்சு" என்றான் ஓரெஸ்தே.

சொல்லிவிட்டு, வழக்கம் போல, ஒரு மூச்சு விட்டான். அவனுக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. ரேடியோப் பெண் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கால்பந்து முடிவுகள் தொடங்கின.

காபி பொங்கி வழிந்தது. டெல்ஃபினா அடுப்பை அணைத்தாள். ரேடியோவைப் பார்க்கவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்து, உரக்க, தெளிவாகச் சொன்னாள்:

"செர்ரானேரா, அம்பது."